ஆறாவது ரீலில் ஓர் இருமல்

ஜூன் 6

கல்நெஞ்சுக்கார அக்காவுக்கு,

போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். தபாலில் போட்டால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவாய் என்று தெரியும். அதனால் படப்பெட்டிக்குள், முதல் ரீல் டப்பாவின் மூடிக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். படத்தை ஓட்ட வேண்டுமென்றால் என் கடிதத்தைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். ஊர் ஊராகப் படம் கொண்டுபோகிற பெட்டிக்காரர் நம்பிக்கையான ஆள், உன் பதிலையும் அவரிடமே கொடு.

விருந்தில் அத்தனை உறவுக்காரர்கள் முன்னால் உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்றது தப்புதான். ஆனால் குட்டி போட்ட பூனையைத் தியேட்டர் திரைக்குப் பின்னாலிருந்து மழையில் விரட்டியவளை வேறு எப்படிச் சொல்வது? நீயே ஒரு நல்ல வார்த்தை எழுது, மாற்றிக்கொள்கிறேன்.

சண்டை ஒரு பக்கம் கிடக்கட்டும். இந்த வாரம் உன் தியேட்டருக்கு வருவது நான் பின்னணிச் சத்தம் போட்ட டப்பிங் படம். போர்க்காலக் கதை. ராணுவம் யூதர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறது. குதிரைகளையும் மாடுகளையும் கறிக்குக் கேட்கிறது. ஒரு கால்நடை வைத்தியரின் மனைவி, மிருகங்களுக்குத் தொற்றுநோய் என்று பொய் சொல்லித் தொழுவத்தைப் பூட்டிவிடுகிறாள். பலகைத் தரைக்கு மேலே மிருகங்கள், கீழே ஒரு யூதக் குடும்பம். மாடு அசை போடுகிற சத்தத்தில் கீழே இருப்பவர்களின் மூச்சு வெளியே கேட்காது. அந்த மாடு, குதிரை, நாய், குளம்படி எல்லாம் என் கைவேலை, வாய்வேலை.

ஆறாவது ரீலை மட்டும் நன்றாகக் கவனி. சிப்பாய்கள் மிருகங்களை வெளியே ஓட்டிவிட்டுக் காலித் தொழுவத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். அங்கே நான் ஒன்றுமே போடவில்லை. காற்றுகூட இல்லை. கடைசியாகப் போகிற சிப்பாய் மட்டும் திரும்பித் தரையைப் பார்த்துவிட்டுப் போகிறான். ஸ்டுடியோ முதலாளி ஏதாவது போடு என்று கத்தினார், நான் மசியவில்லை. இத்தனை வருடத்தில் நான் செய்த நல்ல வேலை அந்த ஒன்றுமில்லாததுதான். இங்கே அந்த இடம் வந்ததும், "ஆபரேட்டர், சவுண்டு போச்சு" என்று விசிலடிக்கிறார்கள். வயிறு எரிகிறது.

நீ எப்போதும் படத்தைப் பார்க்காமல், பார்க்கிறவர்களைப் பார்க்கிறவள். உன் ஊர் ஜனம் எங்கே அழுகிறது, எங்கே எழுந்து போகிறது, எல்லாவற்றையும் வழக்கம்போல் எழுது.

தம்பி

ஜூன் 13

மிருகங்களின் காவலனுக்கு,

வார்த்தை தேடும் வேலை எனக்கு இல்லை. கல் என்றே வைத்துக்கொள். தியேட்டர் நடத்த அதுதான் தேவை.

ஜனம் அழுகிறது. சினைக் குதிரையைச் சுடும்போது அழாத கண் இல்லை. கன்று தாயைத் தேடிக் கத்தும்போது ஒரு பெரியவர் செருப்பைக்கூட விட்டுவிட்டு வெளியே போனார். நீ கத்திய கன்று என்று சொன்னால் திரும்பி வந்து உன்னைத் தேடுவார். யூதர்களை லாரியில் ஏற்றுகிற காட்சியில் ஒருவரும் அழவில்லை. கடலை உடைக்கும் சத்தம் கேட்டது. எல்லாரையும்விட அதிகமாக அழுகிறவர் தினமும் முன்வரிசையில் உட்காருகிற ஓர் அதிகாரி. கைக்குட்டையைப் பிழிந்து பிழிந்து துடைக்கிறார். டிக்கெட் கிழிக்கிற பெண் அவருக்கு அழுமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டாள். மெதுவாகச் சொல்லடி என்று அவள் வாயைப் பொத்தினேன். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வீடுகளைக் காலி செய்தவர் அவர்தான்.

உனக்குத் தெரிந்திருக்காது. சாம்பல் நிற வண்டிகள் வந்தன. பேப்பரில் இடமாற்றம் என்று போட்டிருந்தார்கள். எந்த இடம் என்று போடவில்லை. அந்தப் பக்கத்துக் கூட்டம் இப்போது படத்துக்கு வருவதில்லை, வருவதற்கு அங்கே ஆள் இல்லை. கதவுகள் திறந்தே கிடக்கின்றன, உலர்த்திய துணியை எடுக்கக்கூட ஒருவரும் இல்லை. வெண்திரையை மூடுகிற நம் திரைச்சீலையைத் தைத்த தையற்காரர் கடையும் பூட்டிக் கிடக்கிறது.

உன் ஆறாவது ரீலுக்கு இங்கே யாரும் விசிலடிக்கவில்லை. அவ்வளவுதான்.

அக்கா

ஜூன் 20

அக்காவுக்கு,

பெட்டிக்காரர் போன வாரம் உன் தியேட்டரில் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சிப்பாய்ங்க நின்னு கேக்கற எடத்துல ஒரு இருமல் போட்டிருக்கீங்களே, அப்படியே ஒடம்பு ஆடிப்போச்சு," என்றார்.

நான் இருமல் போடவில்லை.

முன்னால் யாராவது இருமியிருப்பார்கள் என்றேன். இல்லை, திரையிலிருந்துதான் வந்தது, அதுவும் கீழே, தரையோரமாக என்றார். எப்படி இருந்தது என்று கேட்டேன், இருமிக் காட்டினார். ஒன்று வறட்சியாக வெளியே வரும். இரண்டாவது வருவதற்குள் யாரோ வாயைப் பொத்தி விழுங்கிவிடுவதுபோல் இருக்கும். முப்பது வருடமாகச் சத்தங்களோடு குடித்தனம் நடத்துகிறேன், ஒரு முறை கேட்டதை மறக்க மாட்டேன். இதை நான் கேட்டிருக்கிறேன். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

படத்தில் நாய் குரைத்தபோது திரைக்குப் பின்னாலிருந்து வேறொரு நாய் பதில் குரைத்ததாகவும் சொன்னார். அங்கே என்ன நடக்கிறது?

தம்பி

ஜூன் 24

தம்பிக்கு,

நாய்தான். கால் ஊனமான ஒரு நாய். பின்சுவரோரம் படுத்துக்கொண்டு உன் நாய் குரைக்கும்போதெல்லாம் குரைத்தது. தொல்லை தாங்காமல் உள்ளே விட்டேன். அதற்கு இருமல். இனி இதைப் பற்றி எழுதாதே.

நீ கேட்டதை மட்டும் எழுதுகிறேன். அதே முகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சிரிப்புக் காட்சியில் சிரிப்பதில்லை. குதிரைக்குக்கூட இப்போது அழுவதில்லை. ஆறாவது ரீலுக்காகக் காத்திருக்கிறார்கள். அது வந்ததும் கடலை உடைக்கிற கை நின்றுவிடுகிறது. எல்லாக் கண்ணும் திரையின் கீழ் விளிம்புக்கு இறங்குகிறது. ஒருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பதில்லை. நான் பக்கவாட்டில் நின்று பார்க்கிறேன், அந்த வெளிச்சத்தில் அத்தனை முகமும் ஒரே முகமாகத் தெரிகிறது. அந்த இருமல் கேட்டதும் மெதுவாக மூச்சு விடுகிறார்கள். பிறகு எழுந்து பாதிப் படத்தில் போய்விடுகிறார்கள்.

நேற்று மருந்துக்கடைக்காரம்மா டிக்கெட் ஜன்னலில் ஒரு இருமல் மருந்து பாட்டிலை வைத்தாள். "நாய்க்குக் குடுங்க, வெந்நீர்ல கலந்து," என்று சொல்லிவிட்டுப் போனாள். நாய்க்கு இருமல் என்று நான் உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மேட்னி முடிந்ததும் ஒரு நாற்காலியில் கம்பளிச் சட்டை மடித்து வைத்திருந்தது. ஆள் உயரச் சட்டை. யாருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டால் தூக்கம் வருகிறது. விடிந்ததும் அந்த நினைப்பு போய்விடுகிறது.

அக்கா

ஜூன் 28

அக்கா,

நாய் வாயைப் பொத்திக்கொண்டு இருமாது.

எங்கே கேட்டேன் என்று ஞாபகம் வந்துவிட்டது. என் பள்ளிக்கூடக் கால்சட்டைக்கு அளவெடுக்க நீதான் கூட்டிப்போவாய். தையல் மிஷின் ஓடும், நிற்கும், அந்த இருமல் வரும், மறுபடி ஓடும். பஞ்சு நெஞ்சில் அடைத்த இருமல். பெயர் எழுத மாட்டேன். நீயும் எழுதாதே.

உனக்குப் பைத்தியமா? தனியாக இருக்கிற பொம்பளை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய், அதுவும் தினம் இரண்டு ஆட்டம் ஊரையே கூட்டி உட்காரவைத்து. நான் விரட்டச் சொல்லவில்லை. வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல் என்றுதான் சொல்கிறேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது, விசாரித்தால் இங்கேயும் வருவார்கள். படித்ததும் கிழித்துவிடு.

தம்பி

ஜூலை 2

தம்பிக்கு,

கிழிக்கவில்லை, இரண்டு முறை படித்தேன். பூனைக் குட்டிக்காக என்னை ஊர் முன்னால் கல் என்றவன் எழுதிய கடிதம்தானா என்று பார்த்தேன். உன் கையெழுத்துதான்.

நான் வீராங்கனை இல்லை. திரைச்சீலையின் ஓரம் கிழிந்திருந்தது, அவர் தைக்க வந்தார். ஏணியில் நின்று தைத்துக்கொண்டிருக்கும்போதுதான் வண்டிகள் வந்தன. அவர் மனைவி செருப்பில்லாமல் ஓடி வந்தாள். ஆட்டம் முடியும்வரை பின்னால் இருங்கள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை. நாய் அவர்களுடையது. விரட்டினேன், கல்லால்கூட அடித்தேன். அது போய் வெளியே சுவரோரம், அவர்கள் இருக்கிற இடத்துக்கு நேராக, விரல் வைத்துக் காட்டுவதுபோல் படுத்துக்கொண்டது. அவர்களை மறைக்க வேண்டுமென்றால் அதையும் மறைக்க வேண்டியிருந்தது. இப்போது அது என் புடவைத் தலைப்பில் தலை வைத்துத் தூங்குகிறது. சிரிக்காதே.

திரை மேடைக்கு அடியில் பலகையைத் தூக்கினால் இரண்டு பேர் படுக்கலாம். படம் ஓடுகிறவரை பயமில்லை, உன் மாடும் குதிரையும் அவர் இருமலை மறைத்துவிடுகின்றன. உன் அமைதிதான் காட்டிக்கொடுக்கிறது. அடக்கு அடக்கு என்று அவர் அடக்குவதெல்லாம் சரியாக அங்கேதான் வெடிக்கிறது.

நேற்று ஆட்டம் முடிந்ததும் அதிகாரி என் அறைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. "அந்த இருமல் ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றார். "என் மச்சான் வேற ஊர்ல இதே படம் பாத்தான். அங்க இருமலே இல்லேங்கறான்."

அந்த ஊரில் ஸ்பீக்கர் மோசமாக இருக்கும் என்றேன். இருக்கலாம் என்று தலையாட்டினார். பிறகு கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்தார். "அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை மச்சானையும் கூட்டிட்டு வரேன். ரெண்டு பேரும் சேந்து சரியா கேக்கறோம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார்.

வேறு இடம் இல்லை, தம்பி. எல்லாப் பாலத்திலும் நிற்கிறார்கள். படத்தில் இருமல் இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன். இனி அது படத்தில் இருக்க வேண்டும். அந்த அமைதி உன் உயிர் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அக்கா

ஜூலை 9

அக்காவுக்கு,

போன கடிதத்தை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்.

முதலாளியிடம் போய், நீங்கள் சொன்னதுதான் சரி, ஜனம் விசிலடிக்கிறது, அங்கே ஒரு சத்தம் வேண்டும் என்றேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸ் முழுக்க என்னைக் காட்டி, கடைசியில் வழிக்கு வந்தான் என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். எல்லா ஊர்ப் பிரதிக்கும் ஆறாவது ரீலை மாற்றி அடிக்க ஒப்புக்கொண்டார். மச்சான் இனி எந்த ஊரில் பார்த்தாலும் கேட்பான்.

இருமுவது லேசு என்று நினைத்தேன். முதலில் போட்டதெல்லாம் நாடக இருமல். பிறகு மரப்பெட்டிக்குள் குனிந்து உட்கார்ந்து, பஞ்சை முகத்தில் அடித்துக்கொண்டு, சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு, வராதே வராதே என்று அடக்கினேன். அப்போதுதான் அது வந்தது. போட்டுக் கேட்டேன். பெட்டிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அந்தக் கடைசிச் சிப்பாய் ஏன் தரையைத் திரும்பிப் பார்க்கிறான் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. இருமலோடு பார்த்தால் தெரிகிறது. அவனுக்குக் கேட்கிறது, கேட்காததுபோல் போகிறான். என் நல்ல வேலை அந்த அமைதி இல்லை போலிருக்கிறது.

ஒரு தொந்தரவு. அது என்னைவிட்டுப் போகவில்லை. தூக்கத்தில் இருமுகிறேனாம். அது என் குரலே இல்லை என்கிறாள் உன் தம்பி பொண்டாட்டி. ரீல் சனிக்கிழமை வந்து சேரும். அவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிடு. இரண்டு பேரின் இருமல் கேட்டால் குடி கெட்டது.

தம்பி

ஜூலை 14

தம்பிக்கு,

அவரைத் தூங்கவைக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மேட்னி ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். கன்று கத்துகிற காட்சி. அவர் மனைவி அழுதாள், உன் கன்றின் சத்தத்தில் அதுவும் வெளியே கேட்கவில்லை. ஆறாவது ரீலில் அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. ஜனம் காத்திருந்தது. யாரும் மூச்சு விடவில்லை, எழுந்து போகவுமில்லை. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

சனிக்கிழமை பெட்டிக்காரர் வந்ததும் உடலைப் பட்டப்பகலில் கொண்டுபோனோம். வேறு வழியில்லை. அவர் தைத்த திரைச்சீலையைக் கழற்றி அதிலேயே சுற்றி, மேலே போஸ்டர் கட்டுகளை அடுக்கினோம். மருந்துக்கடைக்காரம்மா ஒரு முனையைப் பிடித்தாள், அவளை யாரும் கூப்பிடவில்லை. வாசலில் டிக்கெட்டுக்கு வரிசை நின்றது. வரிசை இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. எல்லாரும் மேலே ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சீலையை ஏன் கழற்றினீர்கள் என்று இன்றுவரை ஒருவர் கேட்கவில்லை. அவரை எங்கே வைத்தோம் என்று நேரில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாரியும் மச்சானும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். தையற்காரர் மனைவி பலகைக்குக் கீழேதான் இருந்தாள். சிப்பாய்கள் நின்று கேட்டார்கள். அமைதி வந்தது. உன் ரீலை நான் முன்னதாகப் போட்டுக் கேட்கவில்லை, அதற்கு மனசு வரவில்லை. அப்போது அவர் இருமினார்.

நீ இருமினாய் என்றுதான் எழுத வேண்டும். எழுத வரவில்லை.

மச்சான் "இருக்கே," என்றான். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகும்போது என்னிடம் வந்தார். "அந்தச் சிப்பாய் கேட்டும் கேக்காத மாதிரி போறான் பாருங்க, அதான் மனுஷன்," என்றார். "இருமினவர்கிட்ட நான் பாராட்டினேன்னு சொல்லுங்க." சொல்லிவிட்டேன். மறுநாள் காலை ஆற்றங்கரைத் தெருவில் இன்னும் நான்கு வீடுகளைக் காலி செய்தார்.

ஞாயிறு ஆட்டம் முடிந்து நான் பலகையைத் தூக்கியபோது அவள் ஸ்பீக்கர் பக்கம் பார்த்தபடி படுத்திருந்தாள். "அவருதாங்க்கா," என்றாள். நான் உன்னைப் பற்றிச் சொன்னேன், பெட்டி, பஞ்சு, எல்லாம். கேட்டுக்கொண்டாள். திரும்பவும் "அவருதான்," என்றாள். நாய் ஸ்பீக்கரின் முன்னால் போய் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அக்கா

ஜூலை 19

அக்கா,

அவர் போன மறுநாள், அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து என் இருமல் நின்றுவிட்டது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை, உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

விருந்தில் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அடுத்த பெட்டியோடு நானும் வரட்டுமா?

தம்பி

ஜூலை 26

தம்பிக்கு,

வா. வந்தால் போனை வைத்ததுபோல் கதவைச் சாத்த மாட்டேன்.

அவள் புறப்பட்டுவிட்டாள். பெட்டிக்காரர் வண்டியில், பெட்டிகளுக்கு நடுவே மறைந்து, பாலத்தைத் தாண்டி; இருமாத ஆளை அப்படிக் கொண்டுபோக முடிந்தது. நேற்று அங்கிருந்து தகவல் வந்தது, சேர்ந்துவிட்டாள். போவதற்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு ஆட்டம் இருக்கட்டுமா என்று கேட்டாள். ஆபத்து என்று தெரிந்தும் சரி என்றேன். ஆறாவது ரீல் வரும்வரை இருந்து, அதைக் கேட்டுவிட்டு, என் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். நாய் அவளோடு வரவில்லை. இழுத்துப் பார்த்தோம், ஸ்பீக்கரைவிட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமை படம் மாறிவிட்டது. இப்போது ஓடுவது சிரிப்புப் படம். நல்ல கூட்டம், அதே முகங்கள், யாரும் சிரிப்பதில்லை. நாய் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஸ்பீக்கரின் முன்னால் போய் உட்கார்ந்து காதைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறது. சாப்பிடவில்லை. எலும்பு வைத்தேன், பாலும் வைத்தேன். இதையெல்லாம் செய்வது நான் என்று நம்பு.

இன்று மேட்னியில் எனக்குத் தாங்கவில்லை. திரைக்குப் பின்னால் போய் நாயின் பக்கத்தில் உட்கார்ந்தேன். படத்தில் யாரோ வசனம் மறந்து நிற்கிற காட்சி, சட்டென்று சத்தம் ஓய்ந்தது. நான் சட்டைக் கைக்குப் பதில் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு, நீ எழுதியதுபோல் அடக்கி, ஒரு முறை இருமினேன். உன் அளவுக்கு வரவில்லை. ஆனாலும் நாய் காதை இறக்கி, என் காலில் தலையை வைத்துக்கொண்டது.

அப்போது திரைக்கு அந்தப் பக்கம், இருட்டில், யாரோ பதிலுக்கு இருமினார்கள். ஒன்று வெளியே வந்தது, இரண்டாவதை விழுங்கிவிட்டார்கள். பிறகு இன்னொரு நாற்காலியிலிருந்து ஒன்று. பால்கனியிலிருந்து ஒன்று. முதல் வரிசையிலிருந்தும் ஒன்று.

யார் யார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. விளக்குப் போடும்வரை நாயோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்கா